ஆடா, மானா?

போன வருஷம் ஆறு வாரம் எனக்கு ராத்திரி வேலை. வண்டிக்குக் குறுக்கே ஏதாவது விலங்கு வந்தால் முன்கண்ணாடியில் இருக்கும் கேமரா அதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஓட்டுநர் சுதாரிப்பதற்கு முன் பிரேக் விழ வேண்டும். அந்த மென்பொருளில் ஒரு துண்டு என் பொறுப்பு. ஒரகடத்திலிருந்து கிளம்பி படப்பை, வண்டலூர், திரும்ப வாலாஜாபாத், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் என்று விடிய விடிய ஓட்டிப் பதிவு செய்வோம். காலையில் தூங்கி எழுந்து, மென்பொருள் எதை என்னவென்று சொல்லியிருக்கிறது என்று பார்ப்பேன்.

நாங்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஐரோப்பியச் சாலைகளில் பழக்கப்பட்ட மாடல். அங்கே ராத்திரியில் காருக்குக் குறுக்கே வருவது பெரும்பாலும் மான்தான். (வால்வோ நிறுவனத்தின் இதே மாதிரியான ஏற்பாடு ஸ்வீடனில் மானையெல்லாம் சரியாகப் பிடித்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் கங்காரு துள்ளுகிறபோது அது பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் திணறியது. 2017இல் இது செய்தியாக வந்தது. துறையில் இருப்பவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்போம்.) எங்கள் பதிவில் மாடல் நாற்பத்தொரு இடத்தில் மான் என்று சொல்லியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்றும் ஆடு. அட்டவணையில் மான் என்ற வரிசைக்கு நேராகக் கையால் பூஜ்யம் போட்டேன்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி ஒரு பெரியவரிடம் சொன்னேன். இருளர். நான் வேலை செய்யும் வளாகத்தில் ஒப்பந்தக்காரர் மூலமாகத் தோட்ட வேலைக்கு வருகிறவர். மதில் ஓரம் பாம்பு தென்பட்டால் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். டீக்கடை பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மானா? எங்கப்பாவே கண்ணால பாத்தாரான்னு தெரியல சார். அவரோட தாத்தா சொல்லிக்கினு இருப்பாராம். இப்ப முயலே இல்ல, நீங்க மானத் தேடுறீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே, "இருந்தாலும் எங்களுக்கு இன்னா ஆவப்போவுது, தொட்டா கேஸு" என்றார்.

வேட்டைக்காரர்களுக்கு மான் குறைந்துபோன வருத்தம் புதிதல்ல. அந்த வருத்தம் ஒருமுறை இந்த மாநிலத்தில் சட்டமாகவே ஆகியிருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பெரியவர் சொன்ன அந்தக் கடைசி வரியைச் சேர்க்காமல் எழுதினால் கணக்கு உதைக்கும்.

இந்த மண்ணில் வேட்டை எவ்வளவு பழையது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லில் இருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று சாந்தி பாப்பு குழுவினர் 2011இல் நிறுவினார்கள். 2022இல் ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கீழடுக்கில் கற்கருவிகள் வந்தன. கார் தொழிற்சாலைகளின் மதிலில் இருந்து கொஞ்ச தூரத்தில் கல்லை உடைத்துக் கூராக்கிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வல்லக்கோட்டை முருகன் கோயில் ஒரகடத்துக்குப் பக்கம்தான். ஏழடி உயர முருகன். கூட வேலை செய்பவர்கள் வண்டி வாங்கினால் முதல் பூஜை அங்கேதான். பக்கத்தில் நிற்கும் வள்ளியின் கதை எல்லோருக்கும் தெரியும்: மான் வயிற்றில் பிறந்தவள், வேடர் தலைவன் எடுத்து வளர்த்தவள். மானைக் கொல்கிறவன் வீட்டில் மானின் மகள். நம் ஆட்கள் இதில் முரண் எதையும் பார்க்கவில்லை. நானும் பத்தாவது முறை போய் நின்றபோதுதான் யோசித்தேன்.

இனி நீலகிரி.

ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறியபோது மேலே இருந்தது புல்வெளியும் சோலையும். தோடர்கள் எருமை மேய்த்தார்கள், இறைச்சி உண்ணாதவர்கள். படகர்கள் பயிர் செய்தார்கள். கோத்தர், குறும்பர், இருளர் எல்லோரும் இருந்தார்கள். குறும்பரும் இருளரும் சரிவுகளில் வேட்டையாடினார்கள், தேன் எடுத்தார்கள். புல்வெளியில் கடமான், பாறை விளிம்பில் வரையாடு, சோலை ஓரத்தில் கேளையாடு. வெயிலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளை அதிகாரிகளுக்கு இது சொந்த ஊர் மாதிரியும் இருந்தது, சொந்த ஊரில் கிடைக்காததும் இருந்தது. இங்கிலாந்தில் மான் வேட்டை பெரிய நிலச்சுவான்தாரின் உரிமை. இங்கே ஒரு சாதாரண லெப்டினன்ட்கூட துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் ஒரு கடமான் கொம்போடு திரும்பலாம்.

பெயர் வைப்பதில் அவர்கள் பண்ணிய குழப்பம் என் மாடல் பண்ணியதற்குக் குறைந்ததல்ல. வரையாட்டை ஐபெக்ஸ் என்றார்கள், அது ஐபெக்ஸ் இல்லை. கேளையாட்டை ஜங்கிள் ஷீப் என்றார்கள். கேளையாடு ஆடே இல்லை, குரைக்கிற ஒரு சிறிய மான். தமிழிலேயே ஆடு என்றுதான் சொல்கிறோம், அதனால் பழியை முழுசாக அவர்கள் மேல் போட முடியாது.

டக்ளஸ் ஹாமில்டன் என்று ஒரு ராணுவ அதிகாரி. கொடைக்கானல் பேரிஜம் பக்கம் அவர் பெயரில் ஒரு கோட்டை உண்டு என்பார்கள், அதே ஆள். மலைகளை அளந்தார், அருமையாகப் படம் வரைந்தார், சுட்டார். 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய வேட்டைக் குறிப்புகள் அவர் காலத்துக்குப் பிறகு 1892இல் நூலாக வந்தன: ஆனைமலை, நீலகிரி, பழனி மலை. இந்த வகை நூல்களை நான் இணைய ஆவணக் காப்பகத்தில் ராத்திரி ராத்திரியாகப் படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே ராகம். முதல் பாதியில் எத்தனை விழுந்தது என்ற கணக்கு, பின்பாதியில் முன்னே மாதிரி இல்லையே என்ற புலம்பல். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற சந்தேகம் அந்தக் கைக்கு அரிதாகவே வருகிறது.

1860களிலும் 70களிலும் மலையில் பல விஷயங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. காபித் தோட்டங்கள் சரிவுகளை மேலே மேலே தின்றன, பின்னால் தேயிலை வந்தது. தொட்டபெட்டாவில் சின்கோனா நட்டார்கள். விறகுக்காகக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய வேல மரமும் யூகலிப்டஸும் புல்வெளியில் இறங்கின. சென்னை கவர்னரே கோடையில் ஊட்டிக்கு வந்து ஆட்சி நடத்தத் தொடங்கினார்; கூடவே செயலர்கள், விருந்தினர்கள், அவர்களுடைய துப்பாக்கிகள். அந்தத் துப்பாக்கியும் மாறிவிட்டது. முன்னே குழாய் வாயில் மருந்தை இடித்து இடித்து அடைக்க வேண்டும், ஒரு குண்டு தப்பினால் மான் போயே போச்சு. இப்போது பின்பக்கம் திறந்து தோட்டாவைப் போட்டு அடுத்த நொடியே சுடலாம். மான் என்ன செய்யும்?

குறைந்தது. வேட்டைக்காரர்கள் எரிச்சலானார்கள். அந்த எரிச்சலை அவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1877இல் ஊட்டியில் கூடி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், சென்னை மாகாணம் அவர்களுக்காக ஒரு சட்டம் போட்டது: நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். மான் வேட்டைக்காரர்களின் மனக்குறை இவ்வளவு சீக்கிரம் அரசிதழுக்குப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சங்கத்தில் இருந்தவர்களும் சட்டம் எழுதியவர்களும் ஒரே கிளப்பில் உட்கார்ந்து குடித்தவர்கள்.

சட்டம் வேட்டை விலங்கு எது என்று ஒரு பட்டியல் தருகிறது. காட்டெருமை, கடமான், ஐபெக்ஸ், ஜங்கிள் ஷீப், எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை என்று போகிறது. புலி கிடையாது. சிறுத்தை கிடையாது. அவற்றைக் கொன்றால் அரசு பரிசு கொடுத்த காலம் அது, ஏனென்றால் அவையும் மான் தின்கின்றன. போட்டியாளர்கள். ஆண்டில் சில மாதம் சுடக்கூடாது என்று அரசு அறிவிக்கலாம், அந்த மாதங்களில் கறியை விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம்.

விற்றாலும் என்ற சொல்லில்தான் விஷயம். சங்கத்துக்காரர்கள் எழுதிய இடத்திலெல்லாம் திரும்பத் திரும்ப வரும் குற்றவாளி உள்ளூர் ஷிகாரி. சினையானாலும் குட்டியானாலும் பார்க்காமல் சுடுகிறான், கண்ணி வைக்கிறான், சந்தையில் கறி விற்கிறான். தாங்கள் கொம்புக்காக, மரியாதைக்காகச் சுடுகிறோம். அவன் பானைக்காகச் சுடுகிறான். அவர்கள் பார்வையில் பசிக்காக வேட்டையாடுவது கீழ்த்தரம், பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது ஒழுக்கம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் ஷிகாரி சுடவே இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. சுட்டான். அந்தக் கறியை வாங்கித் தின்றவர்களும் ஊட்டி பங்களாக்காரர்கள்தான். துரைக்கு மான் தடத்தைக் காட்டிக்கொடுத்து, அவர் குறி தவறினால் பின்னாலிருந்து முடித்துவைத்தவனும் அதே ஷிகாரிதான்.

ஒரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அடுத்த வருஷம் நீலகிரிச் சட்டம். 1882இல் சென்னை வனச் சட்டம், காடு அரசின் காப்புக்காடு ஆனது. துப்பாக்கி போச்சு, மான் போச்சு, காடும் போச்சு, நாலு வருஷத்தில். இதை யாரும் ஒரு அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று தனித்தனிப் புகார்களுக்கு மூன்று தனித்தனித் தீர்வுகள். மலைச்சரிவில் இருந்த குறும்பனுக்கு மூன்றும் ஒரே வாசல் வழியாக வந்தன, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் நண்பர்களில் சிலர் சங்கத்தை ஒரேயடியாகத் திட்டச் சொல்வார்கள். முடியாது. அந்தச் சங்கத்தின் கட்டுப்பாடு இல்லாமல் போயிருந்தால் நீலகிரியில் வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டக்காரர்களின் வேட்டைச் சங்கம் ஒன்று இரவிகுளத்தைத் தன் வேட்டைக்களமாக வைத்துப் பாதுகாத்தது, காவலுக்கு முதுவர்களை வைத்தது. அந்த இடம்தான் இன்று உலகிலேயே வரையாடு அதிகம் இருக்கும் தேசியப் பூங்கா. நீலகிரிச் சங்கமும் மெல்ல மாறியது. சுடுவதற்காகப் பாதுகாத்தவர்கள் பாதுகாப்பதற்காகவே பாதுகாக்கத் தொடங்கினார்கள். அதன் கௌரவச் செயலராக இருந்த ஈ.ஆர்.சி. தாவீதார் 1970களில் மலை மலையாக நடந்து வரையாடுகளை எண்ணினார். 2024இல் தமிழ்நாடு அரசு எடுத்த கணக்கில் மாநிலத்தில் 1,031 வரையாடு. சங்கத்தின் பெயரிலிருந்தே இன்று வேட்டை என்ற சொல் போய்விட்டது.

ஆக, அவர்களுடைய புகார் பலித்தது. அது யாருக்குப் பலித்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் அதற்கு எண்பது வருஷம் முன்பே, நான் ராத்திரியில் வண்டி ஓட்டும் இதே செங்கல்பட்டுச் சீமையில், இதற்கு நேர் எதிரான புகார் ஒன்று போயிருக்கிறது. வேடந்தாங்கல். பெயரைப் பிரித்தால் வேடர் தங்கிய இடம் என்கிறார்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் வந்து சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். அவர் 1798இல் ஒரு கவுல், அதாவது உறுதிச்சீட்டு எழுதிக்கொடுத்தார்: இந்தப் பறவைகளை யாரும் சுடக்கூடாது. ஊர்க்காரர்களுக்குப் பறவை மேல் வெறும் பாசம் மட்டும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். பிளேஸும் சாதாரண ஆள் இல்லை, கறாராக வரி வசூலித்த கலெக்டர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற அதே துரை. விளைச்சல் என்றால் அவருக்குப் புரியும். 1858இல் அந்தச் சீட்டைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். 2022இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவை மூன்றாகச் சுருக்க அரசு யோசித்து, எதிர்ப்பு கிளம்பியது. யாருக்காகச் சுருக்கப் பார்த்தார்கள் என்பதை இந்தச் சாலையில் வேலைக்குப் போகிறவன் கேட்கத் தேவையில்லை.

வேடந்தாங்கலுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது, நிலம் இருந்தது, கச்சேரிக்குப் போய் நிற்க ஆள் இருந்தது. ஊட்டிக்காரர்களுக்கு கிளப் இருந்தது. சமவெளி இருளருக்கு எதுவும் இல்லை. அதனால் அவர்களுடைய மான் எப்போது போனது என்று எந்த ஆவணத்திலும் தேதி கிடையாது.

எந்த மான் என்று மட்டும் ஊகிக்கலாம். மேய்ச்சல் தரை, ஏரிப் புறம்போக்கு, முள்காடு என்று கிடந்த தென்னிந்தியச் சமவெளிக்கு ஏற்றது வெளிமான். முறுக்கிய கொம்பு, கரும்பழுப்பு முதுகு. பெயரிலேயே வெளி இருக்கிறது, திறந்த வெளி இல்லாமல் அதால் வாழ முடியாது. சென்னைக்காரர்கள் கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் பார்த்திருப்பார்கள். கிண்டி கவர்னரின் பூங்காவாக இருந்ததால் அங்கே பிழைத்துக்கொண்டது, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. மதிலுக்கு வெளியே இருந்தவற்றை யாரும் எண்ணவில்லை. உழவு பெருகியது, புறம்போக்கு சுருங்கியது, ஜீப்பும் டார்ச் லைட்டும் வந்தன, மிச்சமிருந்த வெளியைச் சீமைக் கருவேலம் மூடியது.

மான் போனதும் இருளர் சின்ன உயிர்களுக்கு இறங்கினார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத மாட்டேன். பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க எப்பவும் எலிதான் சார். மான அடிக்க ஊரு ஆளுங்க, ரெட்டியாருங்க, துப்பாக்கிக்காரன் வருவான். நாங்க தடம் பாத்துச் சொல்லுவோம். தலையோ குடலோ குடுப்பான்." வெள்ளெலி, முயல், உடும்பு, ஈசல், கிழங்கு, தேன். வயலில் எலி பிடித்தால் விவசாயி நெல் கொடுப்பார், எலி வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். அதோடு பாம்பு.

பாம்புத் தோல் ஒரு காலத்தில் பெரிய வியாபாரம். சென்னையில் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும், பெல்ட், கைப்பை, செருப்பு. பிடித்தவருக்குச் சில ரூபாய். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த சில வருஷங்களில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடையானது. அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பை நான் ஒரு நிரல் படிப்பது மாதிரி வரிவரியாகப் படித்தேன். வெளிமான் முதல் அட்டவணை, உடும்பும் முதல் அட்டவணை. புள்ளிமான் அப்போது மூன்று. ஐந்தாவது அட்டவணைக்குத் தொல்லை உயிர்கள் என்று தலைப்பு. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. ஓர் இருளர் வழக்குக்குப் பயப்படாமல் பிடிக்கலாம் என்று இந்தியக் குடியரசு விட்டுவைத்தது எலி. 'ஜெய் பீம்' படத்தில் எலி பிடிக்கிற காட்சியைப் பார்த்து உச்சுக்கொட்டினோமே, அந்த எலி. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையும் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோலுக்காக அந்த வேகத்தில் போயிருந்தால் பாம்பும் மானின் வழியில் போயிருக்கும். ஆனால் 1879இல் வேட்டைக்காரர்களைக் கேட்டு, அவர்கள் வசதிக்கு மாதம் குறித்துச் சட்டம் எழுதியவர்கள் இருந்தார்கள். 1972இல் இருளரை யாரும் கேட்கவில்லை. வேட்டை போனதும் பலர் போய்ச் சேர்ந்த இடம் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் அரிசி ஆலைகளும் செங்கல் சூளைகளும் விறகு வெட்டும் தோப்புகளும். முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கொத்தடிமையாகக் கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்ட செய்தி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு வழி திறந்தது. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கி, பிறகு அதைக் கிண்டிக்கு மாற்றிய ராமுலஸ் விட்டேகர் இருளரிடம்தான் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்து வருவார்கள், சில வாரம் பானையில் வைத்து நஞ்சு எடுப்பார்கள், திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. கொல்லாமல் ஒரு வேட்டை. ஆனால் அதில் உறுப்பினர் சில நூறு பேர்தான், அதற்கும் அரசு ஒவ்வொரு வருஷமும் அனுமதி தர வேண்டும், இத்தனை பாம்பு என்று எண்ணிக்கை குறித்து. பெரியவரிடம் அந்த அட்டை கிடையாது. பக்கத்து ஊரில் அவருக்குச் சொந்தக்காரர் ஒருவரிடம் இருக்கிறது என்றார், கொஞ்சம் பொறாமையாகத்தான்.

இப்போது மானுக்கு வருகிறேன், அமெரிக்க மானுக்கு.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. செல்லப்பிராணியாக வாங்கி, வளர்ந்ததும் பயந்து காட்டில் விட்டவை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ராத்திரியில் சாலை சாலையாக வண்டி ஓட்டிக் கண்ணில் பட்ட விலங்குகளை எண்ணி, பழைய கணக்கோடு ஒப்பிட்டது. ரக்கூன் 99.3 சதவீதம் குறைவு. ஒப்போசம் 98.9. வெள்ளைவால் மான் 94.1. படித்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. ராத்திரி, சாலை, எண்ணிக்கை, மான் இருந்த இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம். நாங்கள் செய்ததும் அதே வேலைதான். அவர்களிடம் ஒப்பிடப் பழைய கணக்கு இருந்தது.

வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டார்கள், பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். பாம்பு புல்லுக்குள் ஒரு கை தூரத்தில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் 2017 ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு பேரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், நம் செங்கல்பட்டுச் சீமை இருளர்கள். மொழிபெயர்ப்பாளர் கூடப் போனார். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு பிடித்தார்கள், அதில் ஒன்று பதினாறு அடி. தடத்தையும் எச்சத்தையும் புல் சாய்ந்த விதத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள், கையில் ஒரு கம்பி. அமெரிக்கப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. 2023இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஃபுளோரிடாவில் மான் குறைந்தால் இருளரைக் கூப்பிட விமான டிக்கெட் போடுகிறார்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அந்த இரண்டு பேரையும் தெரிந்திருந்தது, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவுக்குப் படைக்க எல்லா இருளரும் கூடும்போது பார்த்திருக்கிறாராம். "அங்க பாம்பு ஜாஸ்தி, மான் இல்ல. இங்க ரெண்டுமே இல்ல" என்றார். பிறகு என் மாடலைப் பற்றிக் கேட்டார். ஆட்டை மான் என்று சொல்கிறது என்றேன். மடிக்கணினியில் அந்த நாற்பத்தொரு படங்களையும் காட்டச் சொன்னார். டீக்கடை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆடு, ஆடு, இது படப்பைக்காரன் ஆடு, காதறுத்திருக்கு பாருங்க, ஆடு. முப்பது சொச்சத்தில் ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னார். ஆட்டைப் பார்க்கவில்லை அவர். பின்னால் மதில் ஓரம் வெளிச்சம் படாத இடத்தில், நான் வண்டிப் புழுதி என்று நினைத்திருந்த இரண்டு புள்ளி.

"இது கண்ணு சார். நரி. இன்னும் கீது போல."

எந்த இடம், எந்தத் தேதி என்று கேட்டார். வல்லம் தாண்டி, புதிதாக மண் அடித்துக்கொண்டிருக்கும் மனைக்குப் பக்கம், மார்ச் மாதம் என்றேன். "மார்ச்சா? அப்பன்னா போயிருக்கும்" என்று டீ கிளாஸைக் கழுவி வைத்தார். எங்கள் வகைப்பாட்டில் நரி என்று ஒரு வரிசையே இல்லை. மறுநாள் சேர்த்தேன். இதுவரை ஒன்று.